குன்னூருக்கு ஒரு மேட்டுப்பாளையம் டிக்கெட்

நீலகிரி மாவட்டத்தில் மொத்தம் ஆறு தாலுகா. உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். ஆறில் நான்கு 'க'வில் ஆரம்பிக்கிறது. எனக்குத் திக்குவாய், அதிலும் மாட்டுவது 'க' வரிசைதான், அதற்கு அடுத்தபடியாக 'ப'. ஆக நான் நிம்மதியாகப் பேர் சொல்லக்கூடிய தாலுகா இந்த மலையில் ஒன்றே ஒன்று. ஊட்டியில் வேலை தேடிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. வீடு குன்னூரில். அதுதான் சிக்கல்.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வார்த்தை தெரியாமல் நாங்கள் நிற்பதில்லை. குன்னூர் என்கிற வார்த்தை மூளையில் எழுத்துக் கூட்டி, விளக்குப் போட்டு, தயாராக நிற்கும். 'கு' சொல்ல நாக்கின் பின்பக்கம் மேலே போய் ஒட்டும், ஒட்டியது வராது, அவ்வளவுதான். மூச்சு தொண்டையில் நிற்கும், கண் தானாக மூடிக்கொள்ளும், கை தொடையைத் தட்டும். பயத்தால் வருவதில்லை, பேச்சை ஓட்டுகிற மூளையின் நேரக்கணக்கில் வருகிற தடங்கல், பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். பயந்தால் கூடும் என்பது வேறு விஷயம். பெரியவர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது. நிறைய குழந்தைகளுக்குச் சின்ன வயதில் வந்து தானாகப் போய்விடும். எனக்கு வந்தது, போகவில்லை. பாட்டி வசம்பு உரசி நாக்கில் தடவிப் பார்த்தார். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசு, கிரேக்கத்தில் டெமஸ்தனிஸ் அப்படித்தான் பெரிய பேச்சாளர் ஆனார் என்று மாமா ஒருவர் சொன்னார். போட்டேன். திக்கியதோ திக்கவில்லையோ, யாருக்கும் ஒரு எழுத்தும் புரியவில்லை.

விசித்திரம் என்னவென்றால் பாடும்போது திக்காது. நாலு பேரோடு சேர்ந்து சொன்னாலும் திக்காது. பள்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்தில் என் குரல்தான் முன்னால் நிற்கும், அது முடிந்து வகுப்புக்குள் போனதும் 'ப்ரசன்ட் சார்' சொல்ல முடியாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் வாங்குவேன்.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். தெரிந்த கண்டக்டர் என்றால் என் முகத்தைப் பார்த்ததும் குன்னூர் கிழித்துக் கொடுத்துவிடுவார். புது ஆள் என்றால் ஆபத்து. நான் 'கு' என்று ஆரம்பித்து நிற்பதற்குள் அக்கம்பக்கத்து சீட்டெல்லாம் உதவிக்கு வந்துவிடும். கேத்தியா? காட்டேரியா? கல்லாறா? கோயமுத்தூரா? ஏலம் மாதிரி இருக்கும். ஒருமுறை அவமானம் தாங்காமல் கேத்திக்குத் தலையாட்டிவிட்டு, இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். அதற்குப் பிறகு கண்டுபிடித்ததுதான் மேட்டுப்பாளையம். 'ம' அருமையான எழுத்து, உதட்டை மூடி முனகினாலே பாதி வந்துவிடும். ஊட்டியில் ஏறி கம்பீரமாக 'மேட்டுப்பாளையம் ஒண்ணு' என்பேன், குன்னூரில் இறங்கிக்கொள்வேன். கூடுதல் காசை நாக்குக்குக் கட்டுகிற வரி என்று வைத்துக்கொண்டேன். வருஷக்கணக்கில் கட்டியிருக்கிறேன்.

ஒரு டிசம்பர் சனிக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். எல்லநள்ளி தாண்டியதிலிருந்து மிஸ்ட், ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, நானும் கொஞ்சம் தூங்கிவிட்டேன். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் திடுக்கிட்டு எழுந்து படியை நோக்கிப் போனால், கண்டக்டர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். நல்ல மனிதர், அதுதான் பிரச்சனையே.

"தம்பி, இது குன்னூருங்க. நீங்க மேட்டுப்பாளையம். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், போய் உக்காருங்க."

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். "கு... கு... கு..."

"குளிருதுங்களா? அந்த ஜன்னலச் சாத்துங்க யாராவது!"

யாரோ சாத்தினார்கள். ஏறுகிற கூட்டம் என்னைப் பின்னால் தள்ளியது, ஒரு அம்மா எழுந்து எனக்கு உள்பக்கம் இடம் விட்டார், விசில் ஊதியாயிற்று. சாத்திய கண்ணாடி வழியாக என் ஊர் மெதுவாக நகர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பர்லியாற்றில் டீக்கு நிறுத்தினார்கள். இறங்கிவிட்டேன். டீ வாங்கி, பையில் வீட்டுக்கென்று வைத்திருந்த வர்க்கியில் ஒன்றை எடுத்தேன், எடுத்த வேகத்தில் ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவர்மேல் உட்கார்ந்தது. வந்ததே கோபம். "குரங்கே, குன்னூர்ல இறங்கவேண்டியவன்டா நான், குளிருதான்னு கேட்டு இங்க கொண்டுவந்து விட்டுட்டாங்க, இப்ப நீ வேறயா?" அத்தனை 'கு'வும் அருவி மாதிரி வந்தது. தனியாக இருக்கும்போதும் நாய், குரங்கு, கைக்குழந்தையிடம் பேசும்போதும் எங்களில் பலருக்குத் திக்காது. டீக்கடைக்காரர் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பஸ் கிளம்பும்போது நான் ஏறவில்லை. அந்த நல்ல மனிதர் விட்டுவிட்டுப் போவாரா? படியில் நின்று, "தம்பி! மேட்டுப்பாளையம்!" என்று கத்தினார். நான் மேலே மலையைக் கை காட்டினேன்.

"மேல எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"ஆமாம்," என்றேன். அது சுத்தமாக வந்தது. பாவம், உச்சுக்கொட்டிக்கொண்டே போனார்.

எதிரே வந்த பஸ்ஸில் ஏறி என்ன டிக்கெட் எடுத்தேன் என்று கேட்கிறீர்களா? ஊட்டி.

வீட்டில் கதையைச் சொன்னதும் மனைவி சிரித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. முடித்த கையோடு கோவையில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இந்த அம்மா முதல் நாளே என் கண்டுபிடிப்பில் கை வைத்தார். வார்த்தையை மாற்றிச் சொல்லித் தப்பிக்கத் தப்பிக்க அந்த வார்த்தை மீதான பயம்தான் வளரும், இனி மேட்டுப்பாளையம் கூடாது என்றார். முதலில் கொஞ்சம் மூச்சை வெளியே விடு, அந்த மூச்சின் மேலேயே 'கு'வை லேசாகத் தொடு, அழுத்தாதே. மாட்டினால் முட்டித் தள்ளாதே, தளர்த்தி இழுத்து வெளியே வா. எனக்கு இது மலைப்பாதை பாடமாகத்தான் புரிந்தது: இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் பிரேக் போய்விடும், ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும். நான் இத்தனை வருஷம் தொண்டையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறேன்.

வீட்டுப்பாடம் இன்னும் மோசம். தினமும் அறிமுகம் இல்லாத ஒருவரிடம் வேண்டுமென்றே திக்கிப் பேச வேண்டும். மறைக்க ஒன்றுமில்லை என்றால் பதற்றம் குறையுமாம். இலவசமாக வருவதை வேண்டுமென்றே செய்ய ஃபீஸ் கட்டியது நான்தான். முதல் வாரம் பொய்யாகத் திக்க ஆரம்பித்து நிஜமாகவே மாட்டிக்கொண்டேன். பிறகு கொஞ்சம் பிடிபட்டது. இப்போதும் திக்குகிறது, ஆனால் கண் மூடுவதில்லை, தொடையைத் தட்டுவதில்லை.

போன மாதம் ஊட்டியில் ஏறினால் அதே கண்டக்டர். மூச்சை விட்டேன். "கு... கு... குன்னூர் ஒண்ணு." இரண்டு 'கு' நான் வேண்டுமென்றே போட்டது, சத்தியமாக. பக்கத்து சீட்டில் யாரும் ஏலம் கேட்கவில்லை. அவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "சில்லறையாக் குடுங்க" என்றார். கையில் மேட்டுப்பாளையத்துக்கு எண்ணி வைத்திருந்தேன், பழக்கதோஷம். மீதியைக் கொடுத்தபோதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, அன்னிக்கு பர்லியாத்துல எறங்கினது நீங்கதானுங்களே? விட்டுட்டு வந்தது கிடைச்சுதா?"

"கி... கி... கி..."

"கிடைக்கலீங்களா? சரி விடுங்க, போனது போகட்டும்," என்று என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.