ரோடு ஏறுது, வீடு இறங்குது

கீழக்கரையில் இன்று கண்ணில் பட்ட ஒரு பழைய வீட்டு வாசல். திண்ணைக்கு ஏறும் படிகளில் ஒன்றுதான் வெளியே தெரிகிறது. மிச்சமெல்லாம் ரோட்டுக்குக் கீழே.

ஓரம் பெயர்ந்த இடத்தில் அடுக்கு அப்படியே தெரிந்தது: அடியில் சிமெண்ட், மேலே தார், அதற்கும் மேலே மறுபடி சிமெண்ட்.

தார் ஒரு தடவை போட்டால் 3 முதல் 5 செ.மீ. ஏறும். சிமெண்ட் ரோடு என்றால் 15 செ.மீ. வரை. அதுவே ஒரு படி உயரம்!

பழசைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு இருக்கிறது. சந்துக்குள் சுரண்டுகிற மெஷின் நுழையாது என்பார்கள். கையில் பிடித்து உடைக்கிற பிரேக்கர் கருவி போதும். இடிபாட்டை அள்ளுகிற செலவுதான் கசக்கிறது.

பிறகு ஐப்பசி மழை வீட்டுக்குள் வரும். வாசலில் ஒரு வரப்பு கட்டுவார்கள். அதன் மேல் பைக் ஏற ஒரு சரிவு. சரிவுக்கு இடம் வேண்டித் திண்ணை உடைபடும். அஸர் (பிற்பகல் தொழுகை) முடிந்த பிறகு அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்கள் உள்ளே போய்விடுவார்கள். தெருவைப் பார்க்க ஆளில்லை.

ஊரணிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலும் ரோடு ஏற ஏற இப்படித்தான் அடைபடுகிறது.

உங்கள் தெருவில் வேலை தொடங்கும் முன், நிலைப்படியிலிருந்து ரோடு வரை அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். எஸ்டிமேட்டில் பழையதை அகற்றும் வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். ரோட்டின் குறுக்கு வாட்டம் (சாய்வு) மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. இருக்க வேண்டும், வடிகால் பக்கமாக. குறுகிய சந்தில் நடுவை உயர்த்த வேண்டாம், ஒரே பக்கம் சாய்த்தால் போதும்.