பாமிர் பயணம்: ஐந்தாவது மாதம், தலைகீழான பாதை

மத்திய ஆசியாவின் பாமிர் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் போகும் திட்டம் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. வண்டி வாசலைத் தாண்டவில்லை. பாதையை மட்டும் இரண்டு முறை கிழித்துப் போட்டுவிட்டேன்.

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பே வரை எம்41 என்னும் இந்தச் சாலை சுமார் 1,250 கிலோமீட்டர். நாளுக்கு 250 வீதம் ஐந்தே நாள் என்று முதல் மாதம் நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மலையேற்றப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் பார்த்தார். தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எந்த உயரத்தில் படுக்கப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவே பட்டியலில் தூரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தேன்: இரவு தங்கும் உயரம். ஓஷ் ஏறத்தாழ 1,000 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் படுக்கை சாரி தாஷில், 3,170 மீட்டர். மறுநாள் கராகுல் ஏரிக்கரையில், 3,900க்கு மேல். மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கோ வேறு: காற்று மெலிந்த உயரத்துக்கு உடம்பு பழக, 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்க வேண்டும். பகலில் கணவாயைக் கடந்து இறங்குவதில் அவ்வளவு ஆபத்தில்லை, படுக்கிற இடம்தான் முக்கியம். என் திட்டத்தில் ஒரே நாளில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறிப் படுத்திருப்பேன். தலைவலியோடு கல்சாலையில் வண்டி ஓட்டுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆகவே பாதையை அப்படியே திருப்பிவிட்டேன். துஷான்பே சுமார் 800 மீட்டர், கோரோக் 2,100, வாகான் பள்ளத்தாக்கில் இஷ்காஷிம் 2,500, லங்கர் 2,800க்கு மேல். பாஞ்ச் ஆற்றின் மறுகரையில் ஆப்கானிஸ்தானைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏறலாம். லங்கருக்குப் பிறகு அலிச்சூர் வரை மட்டும் ஒரே பாய்ச்சலாக 1,000 மீட்டர் வருகிறது. அதற்காக லங்கரில் இரண்டு இரவு வைத்திருக்கிறேன். ஐந்து நாள் பதினான்கு நாளாகிவிட்டது. துஷான்பேக்கு உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட், சமர்கண்ட் வழியாகச் சுற்றிப் போக வேண்டும்; அதில் எனக்கு வருத்தமே இல்லை, சமர்கண்டை விட்டுவிட்டுப் போவதுதான் ஆரம்பத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. கிர்கிஸ்தான்–தஜிகிஸ்தான் எல்லை 2021இல் மூடப்பட்டு, 2025 மார்ச்சில் ஒப்பந்தம் ஆன பிறகே திறக்கத் தொடங்கியது. எனவே கடைசிக் கட்டத்தில் கதவு சாத்தியிருந்தால் வந்த வழியே திரும்புவதற்கும் நாள் ஒதுக்கியிருக்கிறேன்.

மூச்சு வாங்குவது எனக்கு மட்டுமல்ல. எம்41இன் உச்சியான அக்பைதால் கணவாய் 4,655 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டும். என் வண்டியின் 24 குதிரைத்திறன் 15க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கார்புரேட்டர் இல்லாத வண்டி என்பதால் பெட்ரோல் கலவையை அது தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் இல்லாத காற்றை எங்கிருந்து கொண்டுவரும்? அப்படியானால் சுமையைக் குறைக்க வேண்டும். மூட்டைகளைக் குளியலறை எடைக்கருவியில் வைத்தேன், 43 கிலோ. மடக்கு நாற்காலி, இரண்டாவது ஜோடி காலணி, மடிக்கணினி எல்லாம் வெளியே போயின. இப்போது 29. நாற்காலிதான் மனதுக்குக் கஷ்டம்.

கருவிப் பையில் கை வைக்கவில்லை. காரணம், இந்த மாதம் கொல்லைப்புறத்தில் பட்ட பாடு. ஆரக்கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். பஞ்சர் ஆனால் நானேதான் பார்க்க வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றி டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. சோப்புத் தண்ணீர் ஊற்றி, முழங்காலை ஊன்றி, ஏறி நின்றும் பார்த்தேன். ஒருவழியாகப் புது டியூபை உள்ளே வைத்து, கடைசி நான்கு விரல்கடை விளிம்பை லிவரால் நெம்பித் தள்ளினேன். "டப்" என்று உட்கார்ந்தது. பெருமையோடு காற்றடித்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம்: லிவர் நுனி புது டியூபைக் கடித்திருந்தது, பாம்பு கொத்தியதுபோல இரண்டு துளை.

பலம் போடுவதுதான் தவறு என்பது மூன்றாவது முயற்சியில்தான் புரிந்தது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால் இந்தப் பக்கம் டயர் தளர்ந்துகொடுக்கிறது. டியூபில் முன்கூட்டியே கொஞ்சம் காற்று அடித்து உருண்டையாக்கிக்கொள்ள வேண்டும், வால்வு இருக்கும் இடத்தைக் கடைசியில் மாட்ட வேண்டும். முதல் முறை 2 மணி 40 நிமிடம். நான்காவது முறை 45 நிமிடம், புது ஓட்டை எதுவும் இல்லை.

வண்டியை விமானச் சரக்காக அனுப்பும் விஷயத்தில் ஒரு கணக்கு மட்டும். கட்டணத்துக்கு எடை, கன அளவு இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். 6,000 கன சென்டிமீட்டர் ஒரு கிலோ. முழு வண்டிக்கான 220×90×120 பெட்டி 396 கிலோ ஆகிறது. முன்சக்கரத்தையும் கைப்பிடியையும் கழற்றி 190×80×105இல் அடைத்தால் 266. இரண்டு மணி நேர ஸ்பானர் வேலையில் 130 கிலோ மிச்சம்.

பெட்டியைவிட அதிகமாகப் படுத்தியது ஓர் எழுத்து. சேசிஸ் எண் பதினேழு இலக்கம். 1, 0 ஆகியவற்றோடு குழப்பம் வரக்கூடாது என்று ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றையும் அதில் பயன்படுத்துவதில்லை. ஆனால் 'B'யையும் 8ஐயும் யாரும் பிரித்துவைக்கவில்லை. சுங்கப் படிவத்தில் 'B'க்குப் பதில் 8 என்று எழுதியது நான்தான், வேறு யார் தலையிலும் போட முடியாது. மத்திய ஆசிய நாடுகளில் கார்னே (வண்டியைத் திரும்ப வெளியே கொண்டுபோவேன் என்பதற்கான சுங்க உறுதிப் பத்திரம்) கேட்பதில்லை, எல்லையிலேயே தற்காலிக இறக்குமதித் தாள் எழுதித் தருகிறார்கள். அந்தத் தாளில் தவறான எண் ஏறிவிட்டால், வெளியேறும்போது நான் ஓட்டிவந்த வண்டி வேறு வண்டியாகிவிடும். திருத்திய படிவம் நேற்று வந்தது. டார்ச் அடித்து, சட்டத்தில் பொறித்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். பதினேழும் சரி.

அடுத்தது மருத்துவர். உயர நோய்க்கு முன்கூட்டியே கொடுக்கும் அசெட்டசோலமைடு சல்ஃபா வகையைச் சேர்ந்தது. எனக்கோ சல்ஃபா மருந்து சாப்பிட்டு ஒருமுறை உடம்பெல்லாம் தடித்திருக்கிறது. சாப்பிடலாமா என்று செவ்வாய்க்கிழமை கேட்க வேண்டும். கூடாது என்றால் லங்கரில் இன்னோர் இரவு சேர்த்துக்கொள்வேன்.