டிராஃப்ட்டில் பக்கத்து இருக்கையைப் படித்தல்

மேஜிக்: தி கேதரிங் என்ற அட்டை விளையாட்டில், அங்கேயே அட்டைகளைத் தேர்ந்தெடுத்துக் கட்டு அமைத்து ஆடும் முறைதான் டிராஃப்ட். அதில் பொதுவாக எட்டுப் பேர் வட்டமாக அமர்ந்து, ஆளுக்கு மூன்று பாக்கெட்டுகளைப் பிரித்து, ஒவ்வோர் அட்டையாக எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். பலமான அட்டையை அடையாளம் காணப் பழகிவிடலாம். பிறர் எதை வேண்டாமென்று விடுகிறார்கள் என்று கவனிப்பதுதான், என் பார்வையில், உண்மையான ஆட்டம்.

அட்டைகள் நிறவாரியாகப் பிரிந்தவை; பெரும்பாலும் ஓரிரு நிறங்களை வைத்தே கட்டு அமைக்கிறார்கள். முதல் பாக்கெட் இடப்பக்கமாகச் சுற்றும்போது, ஆறாவது, ஏழாவது தேர்விலும் நல்ல சிவப்பு அட்டை கைக்கு வந்தால், வலப்பக்கத்தினர் சிவப்பை நாடவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். நான் பிரித்த பாக்கெட் ஒன்பதாவது தேர்வில் என்னிடமே திரும்பும். மற்ற எழுவரும் அதிலிருந்து எவற்றை எடுத்திருக்கிறார்கள் என்று அப்போது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே, பிரித்தவுடன் அதிலுள்ள நல்ல அட்டைகளின் நிறங்களை மனத்தில் பதித்துக்கொள்கிறேன். (பெயர்களை மனப்பாடம் செய்வது வீண் வேலை.) இரண்டாம் பாக்கெட் எதிர்த்திசையில் சுற்றுவதால், இடப்பக்கத்தவருக்கு நான் தாராளமாக விட்டுக்கொடுத்த நிறம் அந்தச் சுற்றில் எனக்கு அரிதாகவே கிடைக்கும்.

மூன்றாம் பாக்கெட்டில் கணக்கு மாறிவிடுகிறது: கட்டின் 40 அட்டைகளில், மற்ற அட்டைகளை இறக்கத் தேவையான மனா என்ற சக்தியைத் தரும் நில அட்டைகள் வழக்கமான 17 போக, எஞ்சும் 23 இடங்களில் இரண்டு மனா செலவில் இறக்கக்கூடிய உயிரின அட்டைகள் போதாமல் இருந்தால், மிரட்டலான ஆறு மனா அரக்கனைத் தயங்காமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறேன்.