பிரித்த மடிப்பின் கோடு

அப்பா 31 வருடம் தையல் மெஷின் மிதித்தவர். போன ஆவணியில் வலது பெருவிரலுக்கு அடியில் பெடல் உராய்ந்து ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்கே தெரியவில்லை. தரையில் ஈரக் கறையைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார்.

ஐந்து மாதமாகியும் ஆறவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சலைன் ஊற்றிக் கழுவிக் கட்டு மாற்றுவது என் வேலை. பார்க்க வந்த அத்தனை பேரும் கேட்டது ஒன்றுதான்: "வாயைக் கட்டுறாரா?" கட்டுகிறார். மூன்று வருடமாக அவருடைய மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 7 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதற்கு முந்தைய பத்து வருடம் 10, 11 என்று இருந்தது. கடையில் ஒரு நாளைக்கு எட்டு டீ குடித்த காலம் அது. ஒவ்வொரு முறை அந்தக் கேள்வி வரும்போதும் அப்பா தலையைக் குனிந்துகொள்வார். எனக்கு அது தாங்கவில்லை.

ரத்த ஓட்டம், நரம்பு இரண்டும் கெட்டிருப்பதாக டாக்டர் சொன்னார். அதுதான் முதல் காரணம். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை வைத்து 1983 முதல் 1993 வரை ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்குக் கடுமையான கட்டுப்பாடு, இன்னொன்றுக்கு வழக்கமான சிகிச்சை. முடிந்த பிறகு இரு பிரிவின் சர்க்கரையும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் முன்பு சர்க்கரை கூடுதலாக இருந்தவர்களுக்குத்தான் கண்ணும் சிறுநீரகமும் பல வருடம் கழித்தும் அதிகம் பாதிக்கப்பட்டன. உடல் பழைய சர்க்கரையை நினைவில் வைத்திருக்கிறது. ரத்தக்குழாய்ச் செல்களை வெறும் 16 மணி நேரம் அதிக சர்க்கரையில் வைத்துவிட்டுச் சாதாரண அளவுக்கு மாற்றினாலும், ஆறு நாள் கழித்தும் மரபணுவைச் சுற்றியுள்ள புரதங்களில் அந்தத் தடம் இருந்ததை 2008-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் காட்டினார்கள். மரபணு எழுத்து மாறவில்லை. அதை வாசிக்கும் விதம்தான் மாறியிருந்தது.

எங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது மிச்சிகனில் எலிகளிடம் செய்து 2015-இல் வெளியான ஆய்வு. கொழுப்பு மிகுந்த தீனி தின்று நீரிழிவு வந்த எலிகளின் எலும்பு மஜ்ஜைச் செல்களிலேயே இந்தத் தடம் விழுந்திருந்தது. அங்கே பிறந்து புண்ணுக்குப் போகும் வெள்ளணுக்கள் அதைச் சுமந்துகொண்டே போயின. அழற்சியை நிறுத்திவிட்டுச் சதை வளர வழிவிட வேண்டியவை, அழற்சியையே தொடர்ந்தன.

கட்டு மாற்றும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஸ்கூல் பேன்ட் அடிமடிப்பைப் பிரிச்சு நீளமாக்கினா பழைய கோடு தெரியும்ல, அது மாதிரியா?" என்றார். அதேதான் அப்பா. துணி கெடவில்லை, ஆனால் ஒரே துவைப்பில் கோடு போகாது.

புண் மாசி கடைசியில் மூடியது. கட்டு மாற்றியது, காலைப் பெடலில் வைக்காமல் விட்டது, தனிச் செருப்பு, நல்ல கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்துதான்.

சித்திரையில் தம்பிக்கும் சர்க்கரை வந்துவிட்டது. வயது 36. "இப்பத்தானே வந்திருக்கு, மெதுவா பார்த்துக்கலாம்" என்றான். இங்கிலாந்தில் இரண்டாம் வகை புதிதாகத் தெரிந்தவர்களிடம் செய்த ஆய்வை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அங்கே ஆரம்பத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பத்து வருடம் கழித்தும் மாரடைப்பு குறைவாக இருந்தது. அவன் பதில் பேசவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அப்பாதான் போன் போட்டு அவனை நடக்க எழுப்பினார். இன்றும் எழுப்புகிறார்.