சளி இல்லை, இருமல் இல்லை, காய்ச்சல் மட்டும்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலே எல்லோரும் முதலில் சொல்வது டெங்குதான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. பால்வெட்டு நின்ற ரப்பர் தோட்டத்தில் மரத்துக்கு மரம் சிரட்டையில் தண்ணீர் கிடக்கும். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

எங்கள் நாலு வயது மகளுக்கு 103 டிகிரி அடித்தது. சளி, இருமல் எதுவும் இல்லை. மார்த்தாண்டத்தில் குழந்தைகள் டாக்டர் தொண்டை, காது, வயிறு எல்லாம் பார்த்தார். உண்ணிக்காய்ச்சல் என்றால் பூச்சி கடித்த இடம் கருப்பாகப் பொருக்கு தட்டியிருக்கலாம் என்று அக்குள், தொடையிடுக்கு வரை தேடினார். அப்புறம், "ஒண்ணுக்கு அடக்கி வைப்பாளா?" என்று கேட்டார். பள்ளியில் அவள் கழிப்பறைக்கே போகமாட்டாள்.

டெங்குவுக்கு என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனை, கூடவே சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் எழுதினார். பாராசிட்டமால் எடைக்குத் தக்கபடி கொடுக்கலாம், டெங்கு இல்லையென்று தெரியும்வரை இபுப்ரோஃபென் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும் என்றார்.

சிறுநீர் பிடிப்பதுதான் பெரும்பாடு. தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேபில் தந்த குப்பியில் பிடிக்க வேண்டும். குப்பியின் உள்ளே விரல் படக்கூடாது. குப்பியைக் கண்டதும் அவளுக்கு வரவே இல்லை. மாமி குழாயைத் திறந்துவிட்டு, "மக்ளே, தண்ணி போவுது பாரு" என்று பேச்சுக் கொடுத்த பிறகுதான் வந்தது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே இதைப் பிடித்துவிட வேண்டும். மருந்து உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.

என்எஸ்1 நெகட்டிவ். சிறுநீரில் பஸ் செல் (சீழ் அணுக்கள்) நிறைய, தொற்றின் அடையாளம். அன்றே மருந்து தொடங்கினார்கள். இரண்டு நாளில் கல்ச்சர் முடிவு வந்தது: ஈ.கோலை, எந்தெந்த மருந்துக்கு அடங்கும் என்ற பட்டியலோடு. குடலில் இருக்கும் கிருமிதான் சிறுநீர்ப் பாதையில் ஏறியிருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பாதை நீளம் குறைவு, சீக்கிரம் ஏறிவிடும். டெங்கு பயத்தில் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் சிறுநீர்ப் பரிசோதனையையும் பேச வேண்டும்.

காய்ச்சல் விட்டபிறகும் சொன்ன நாள்வரை மருந்து கொடுத்தோம். சிறுநீரக ஸ்கேனில் குறையில்லை. மலச்சிக்கலும் இந்தத் தொற்றை வரவழைக்கும் என்பதால் தண்ணீரும் பழமும் கூட்டியிருக்கிறோம். இடைவேளைதோறும் அவளைக் கழிப்பறைக்கு அனுப்பும்படி டீச்சரிடமும் சொல்லியாயிற்று.