ரிமாக் பள்ளத்தாக்கில் தூண்கள்ளி சேகரித்த அனுபவம்

பெரு நாட்டில், காட்டில் நிற்கும் கள்ளியிலிருந்து ஆய்வுக்காக ஒரு முழத் துண்டு வெட்டவும் செர்ஃபோரின் அனுமதி வேண்டும். காடுகளையும் காட்டுயிர்களையும் பார்த்துக்கொள்ளும் தேசியத் துறை அது. நான் அப்போது லிமாவில் ஒரு பல்கலைக்கழக ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளைச் சேமித்து வைக்கும் காப்பகத்தில், உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். அதனால் விண்ணப்பம் அவர்கள் பெயரில் போனது, என் பெயர் குழுப் பட்டியலில் கடைசியில் இருந்தது. எந்தெந்தப் பேரினம், எந்தப் பள்ளத்தாக்கு, ஒவ்வொன்றிலும் எத்தனை மாதிரி, எங்கே வைக்கப்போகிறோம் என்று எல்லாம் எழுத வேண்டும். கள்ளிகள் ஏறக்குறைய எல்லாமே, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வெட்டுவதற்கு ஒரு தாள், நாட்டை விட்டு வெளியே அனுப்ப இன்னொரு தாள். பதிவு பெற்ற ஹெர்பேரியங்கள் தங்களுக்குள் உலர்ந்த மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ள மட்டும் ஒரு சலுகை உண்டு.

காகித வேலையைப் பற்றி இவ்வளவு போதும். அது சலிப்பானது, ஆனால் அது இல்லாமல் சேகரித்த மாதிரியை எந்த ஹெர்பேரியமும் அலமாரியில் ஏற்றாது.

லிமாவிலிருந்து மேற்கு ஆண்டிஸில் ஏறும் கரேத்தேரா சென்ட்ரால் சாலை ரிமாக் ஆற்றை ஒட்டியே போகிறது. சுமார் 850 மீட்டர் உயரத்தில் சோசிக்கா. 2,400 மீட்டரை நெருங்கும்போது மத்துகானா. அப்புறம் சான் மத்தேயோ. கடைசியில் 4,800 மீட்டருக்கு மேல் திக்லியோ கணவாய். ஒரே நாளில் காரில் ஏறிவிடலாம், தலைவலியைப் பொறுத்துக்கொண்டால். கள்ளி படிக்க வருகிறவனுக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடையாது. ஏனென்றால் உயரம் மாற மாற இனங்கள் வரிசையாக மாறுகின்றன. எங்கள் குழுத் தலைவியை எல்லாரும் தொக்தோரா (ஸ்பானிஷில் பெண் டாக்டர்) என்றே கூப்பிடுவார்கள். அவர் வண்டியை நிறுத்தியதும் முதலில் கேட்பது, "உயரம் எவ்வளவு?" செடியைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

சோசிக்காவுக்கு மேலே, மழையே அறியாத பாறைச் சரிவில் நிற்பது நியோரைமோண்டியா. இதை யாரும் வேறொன்றாக நினைக்க முடியாது. தண்டில் ஐந்தாறு தடித்த முகடுகள்தான். முள் முளைக்கும் பஞ்சுப் புள்ளிகளை ஏரியோல் என்கிறோம். இதில் அவை பெரிய பழுப்புக் கட்டிகளாக இருக்கும். அதே ஏரியோல் ஆண்டுக்கு ஆண்டு பூத்துக்கொண்டே வெளிப்பக்கமாக நீள்கிறது. முள் ஒரு சாணுக்கு மேலும் போகும். அதன் பக்கத்திலேயே எஸ்போஸ்டோவா மெலனோஸ்டெலே, உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. பூக்கும் வயது வந்ததும் தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் அடர்ந்த பஞ்சுப் பட்டை ஒன்று உருவாகும். பூ அதற்குள்ளிருந்துதான் வரும். இந்தப் பஞ்சைத் தலையணைக்கு அடைத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் மெலிந்து, முள் நெருங்கி, அடியிலிருந்தே கிளை விட்டால் அது ஹாகியோசீரியஸாக இருக்கும். அந்தப் பேரினத்துக்குள் போனால் வெளியே வருவது கஷ்டம். ஒவ்வொரு குன்றிலும் ஒரு வடிவம்.

மத்துகானாவை நெருங்கும்போது ஆர்மட்டோசீரியஸ் மத்துகானென்சிஸ் வரும். தண்டு கரும்புக் கணு மாதிரி துண்டு துண்டாக இடுங்கியிருக்கும். வளர்ச்சி நின்று மறுபடி தொடங்கிய இடம் அது. அங்கிருந்து மேலேதான் நாங்கள் தேடி வந்த டிரைக்கோசீரியஸ் பெருவியானஸ். பாறை விளிம்பில் நேராகவும் நிற்கும், சாய்ந்து தொங்கவும் செய்யும்.

மேலே ஏறினால் நிலம் விவசாயச் சமூகங்களுக்குச் சொந்தம். செர்ஃபோர் தாளைக் காட்டினால் மட்டும் போதாது, சமூகத் தலைவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் சந்தேகப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. டிரைக்கோசீரியஸ் பேரினத்தில்தான் சான் பெத்ரோ கள்ளி இருக்கிறது. உள்ளே மெஸ்கலின், மாயக்காட்சி காட்டும் பொருள். பெருவின் பழைய கோயில் தலமான சாவின் தே உவாந்தாரில், கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு செதுக்கிய கல் ஒன்றில், ஓர் உருவம் இந்தத் தண்டைக் கையில் பிடித்திருக்கிறது. வடபெருவின் வைத்தியர்கள் இன்றும் அதைச் சடங்குகளில் பயன்படுத்துகிறார்கள். 2022இல் அந்த மரபறிவைப் பெரு அரசு நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. கூடவே ஒரு சுற்றுலாச் சந்தையும் வளர்ந்துவிட்டது. ஊர் தெரியாதவன் ரம்பத்தோடு மலையேறினால் யார்தான் சும்மா விடுவார்கள்? நாங்கள் ஒரு செடியில் ஒரு கிளையின் நுனி மட்டும் எடுப்போம், அடிமரத்தைத் தொடமாட்டோம் என்று சொன்னதும் பெரியவர் ஒருவர் தன் பேரனை எங்களோடு அனுப்பினார். வழி காட்டவா, கண்காணிக்கவா என்று கேட்கவில்லை. இரண்டையும் அவன் நன்றாகச் செய்தான்.

சரி, செடி கிடைத்துவிட்டது. இனிமேல்தான் பொறுமை வேண்டும். கத்தியை எடுக்கும் முன் எழுத வேண்டியவற்றை எழுதிவிட வேண்டும். மற்றச் செடிகளில் உலர்ந்த மாதிரியைப் பார்த்தே பாதியைத் தெரிந்துகொள்ளலாம். கள்ளியில் தண்ணீர் போனதும் வடிவமே போய்விடும். அதனால் செடியின் மொத்த உயரம், அடியிலிருந்து கிளைக்கிறதா மேலிருந்தா, தண்டின் குறுக்களவு, முகடுகள் எத்தனை, அவை கூர்மையா உருண்டையா, இரண்டு ஏரியோலுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று வரிசையாகப் போகும். ஏரியோலுக்கு மேலே குறுக்கே ஒரு வெட்டுப்பள்ளம் இருக்கிறதா என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்வோம். முள்ளை நடுமுள், சுற்றுமுள் என்று பிரித்து எண்ணி, நீளம் அளப்போம். நிறத்தை நுனியிலும் பார்க்க வேண்டும், பழைய தண்டிலும் பார்க்க வேண்டும். நுனியில் தேன் நிறமாகவோ செம்பழுப்பாகவோ இருப்பது ஓரிரு ஆண்டில் சாம்பலாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் அடியில் கைக்கு எட்டும் இளங்கிளையை அளக்கப் போவார்கள். தொக்தோரா உடனே தடுப்பார். இளங்கிளையின் முள் வேறு, பூக்கும் கிளையின் முள் வேறு.

பூ இருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். டிரைக்கோசீரியஸ் பூ இரவில் விரியும், மறுநாள் காலையிலும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். ஆகவே விடிந்ததும் மலையில் இருக்க வேண்டும். நாங்கள் மழைக்காலம் தொடங்கும் முன், ஆண்டுக் கடைசியில் போனதற்கு அதுதான் காரணம். ஜனவரிக்குப் பிறகு இந்தச் சாலையில் உவாய்க்கோ எனப்படும் சேற்று வெள்ளம் இறங்கும். அப்போது கள்ளியைப் பற்றி யாரும் நினைக்கமாட்டார்கள்.

வெட்டும்போது தடித்த தோல் கையுறையும் பழைய செய்தித்தாளை மடித்த பட்டையும் போதும். பட்டையைத் தண்டைச் சுற்றிப் போட்டு இருவர் பிடிக்க, ஒருவர் அறுப்பார். வெட்டுவாயில் தெளிந்த, வழவழப்பான சாறு வரும், பால் வராது. நம் ஊர்ச் சதுரக்கள்ளியும் தூரத்திலிருந்து பார்த்தால் இதே சாயலில்தான் இருக்கும். ஆனால் அது யூஃபோர்பியா, கீறினால் பால் கொட்டும். இரண்டுக்கும் உறவில்லை, வறட்சி இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டது.

முகாமுக்குத் திரும்பியதும் சமையலறை வேலை. துண்டை நெடுக்காகப் பிளந்து, உள்ளிருக்கும் சதையையும் நடுக்கட்டையையும் கரண்டியால் வழித்தெடுத்து, ஏரியோல்களோடு தோலை மட்டும் வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று முகடுகள் சேர்ந்தாற்போல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடைவெளி தெரியாது. கூடவே ஒரு மெல்லிய குறுக்குவெட்டு வில்லை. அதைப் பார்த்தால் முகடுகளின் எண்ணிக்கை புரியும். பூவை நெடுக்காக இரண்டாகப் பிளந்து ஒரு பாதியின் உட்புறம் தெரியும்படி வைப்போம். இன்னொரு பூ 70 சதவீத ஆல்கஹாலில் போகும். செடியைத் தட்டையாக அழுத்தி உலர்த்தும் பிரஸ்ஸில் அப்படியே வைத்தால் கள்ளி சாகாது. உள்ளேயே வாரக்கணக்கில் உயிரோடு இருந்து, சிலசமயம் துளிரும் விடும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். அதனால் தோலைக் கொதிநீரில் முக்கியோ ஆல்கஹாலில் ஊறவைத்தோ முதலில் கொன்றுவிட வேண்டும். பிறகு செய்தித்தாள், அட்டை, மேலே ஸ்பாஞ்சு வைத்துக் கட்டுவோம். தாளைத் தினமும் மாற்றுவோம், ஈரம் அதிகமானால் இரண்டு தடவை. முள் தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த மாதிரிக்குள் இறங்கும். என் விரல்களில் அந்தப் பருவம் முழுக்க முள் இருந்தது. அதைப் பற்றிப் புகார் சொன்னால் அந்தக் கூட்டத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

இப்போது பெயர். பேரினத்தைப் பூக்குழாயும் கனியும் சொல்லிவிடும். பூக்குழாயில் கறுத்த சுருள்மயிர் அடர்ந்து, முள்ளில்லாமல் இருந்தால் டிரைக்கோசீரியஸ் பக்கம் போகலாம். சூலகத்திலும் கனியிலும் முள் அடர்ந்திருந்தால் ஆர்மட்டோசீரியஸ். குழாய் ஒல்லியாக, சிவப்பாக, பகலில் திறந்து, தேன்சிட்டு போன்ற ஹம்மிங்பேர்டுகள் வந்து போனால் கிளைஸ்டோகாக்டஸ். இந்தப் பள்ளத்தாக்கில் அது அகாந்தூரஸ். பூவோ கனியோ இல்லாமல் தண்டை மட்டும் படமெடுத்து வந்து பெயர் கேட்பவர்களிடம் தொக்தோரா, "எங்கே, எந்த உயரத்தில்?" என்று கேட்பார். அதுவும் தெரியாது என்றால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்கு முதலில் அது கடுமையாகப் பட்டது. இப்போது நானும் அதையே செய்கிறேன்.

சிக்கல் இனத்துக்கு வரும்போதுதான். பிரிட்டன், ரோஸ் என்ற இரு அமெரிக்கத் தாவரவியலாளர்கள் 1920இல் மூன்று பெயர்களைத் தனித்தனியாக வைத்தார்கள். எக்குவடோரின் குவென்காவிலிருந்து பச்சனோய் (சான் பெத்ரோ என்று பெரும்பாலும் சொல்வது இதைத்தான்), மத்துகானாவிலிருந்து பெருவியானஸ், கூஸ்கோவிலிருந்து கூஸ்கோயென்சிஸ். பச்சனோய்க்கு முள் மிகச் சிறியது, இல்லாமலும் இருக்கும். ஏரியோலுக்கு மேலே அந்தக் குறுக்குப்பள்ளம் இருக்கும். பெருவியானஸுக்கு முள் பத்து வரை, தொடக்கத்திலிருந்தே பழுப்பு, முள்ளின் அடி வீங்கியிருக்காது. கூஸ்கோயென்சிஸில் முள்ளின் அடி குமிழாக வீங்கியிருக்கும். தாளில் படிக்க எவ்வளவு சுலபம்! ரிமாக்கில் ஒரே சரிவில் பத்துச் செடிகளைப் பார்த்தால், விரல் நீள முள்ளோடு ஒன்று, அதற்கு நாலடி தள்ளி முள் குறைந்து குறுக்குப்பள்ளத்தோடு ஒன்று. பின்னால் வந்த ரவ், பாக்கபெர்க், ரிட்டர் ஆகிய கள்ளி ஆய்வாளர்கள் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு பெயர் கொடுத்துப் பட்டியலை நீட்டினார்கள். சாந்தாயென்சிஸ், தர்மாயென்சிஸ், புக்கியென்சிஸ் என்று போகிறது. 1974இல் ஃப்ரீட்ரிக்கும் ரௌலியும் டிரைக்கோசீரியஸ் பேரினத்தையே எக்கினாப்சிஸ் என்ற இன்னொரு கள்ளிப் பேரினத்துக்குள் தள்ளினார்கள். 2012இல் டி.என்.ஏ. ஆய்வு எக்கினாப்சிஸ் ஒரே குலத்திலிருந்து வந்ததல்ல என்று காட்டியது, டிரைக்கோசீரியஸ் பலருக்கும் திரும்பி வந்தது. அதே ஆண்டில் அல்பெசியானோவும் கீஸ்லிங்கும் 1850இல் வைக்கப்பட்ட பழைய மாக்ரோகோனஸ் என்ற பெயருக்குள் பெருவியானஸையும் பச்சனோயையும் கொண்டுவந்தார்கள்.

இதில் எது சரி என்று கேட்டால், ரிமாக்கைப் பார்த்தவரை சேர்த்தவர்கள் பக்கம்தான் எனக்கு மனம் போகிறது. முள்ளின் நீளத்தை வைத்து இங்கே இனம் பிரிக்க முடியாது. கூஸ்கோ செடியை இதில் கலக்க மட்டும் எனக்குச் சம்மதமில்லை. அந்தக் குமிழ் அடியை ரிமாக்கில் ஒரு செடியிலும் நான் பார்க்கவில்லை. இன்னொரு தொல்லை, வீட்டு வேலியாக நட்ட சான் பெத்ரோ. ஊருக்குப் பக்கத்தில் நிற்பதெல்லாம் யாரோ ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்து ஊன்றியதாக இருக்கலாம். லேபிளில் "பயிரிட்டது" என்று எழுதாவிட்டால், அடுத்து வருகிறவர் அதைக் காட்டுச்செடியின் பரவலாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

அதனால் எங்கள் லேபிள்கள் நீளமானவை. பெயர் ஒரு வரி, செடியின் விவரம் பத்துப் பன்னிரண்டு வரி. ஆள்கூறு, உயரம், சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, பாறை என்ன, பக்கத்தில் என்னென்ன கள்ளிகள், எந்த நேரத்தில் பூ திறந்திருந்தது எல்லாம் உண்டு. பெயரை யாரும் மாற்றலாம். பழைய சீட்டைக் கிழிக்காமல் பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டுவதுதான் வழக்கம். ஹெர்பேரியத்தில் ஒரு பழைய தூண்கள்ளித் தாளில் நாலு சீட்டுகள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன், நாலும் வேறு வேறு பெயர்கள். சேகரித்தவரின் சிறு குறிப்பில் முகடுகளின் எண்ணிக்கையும் உயரமும் இருந்ததால்தான் அந்த நாலு பேராலும் தங்கள் கருத்தைச் சொல்ல முடிந்திருக்கிறது.

தாளில் தைப்பதும் தனி வேலைதான், பசை நிற்காது. நூலால் கட்டி, உதிர்ந்த முள்ளையும் விதையையும் சிறு உறையில் போட்டு மூலையில் ஒட்டுவோம். அலமாரிக்குள் போகும் முன், பூச்சி வராமல் இருக்க, ஃபிரீசரில் சில நாள் வைக்க வேண்டும். எங்கள் மாதிரிகளில் பெரும்பாலானவை மாக்ரோகோனஸ் கோப்பில் ஏறிவிட்டன. சாந்தா எவுலாலியா பக்கம் எடுத்த ஒரு மெலிந்த தண்டு மட்டும் பேரினப் பெயரோடு நிற்கிறது. முள் ஹாகியோசீரியஸ் என்கிறது, கிளைக்கும் விதம் அப்படிச் சொல்லவில்லை, பூ கிடைக்கவில்லை. அனுமதி அந்தப் பருவத்தோடு முடிந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் அந்தச் சரிவின் ஆள்கூறையும் சேர்த்து அனுப்பினோம்.