ஒரு சின்னத் தலையசைப்புக்கு ஆறு வாரம்

எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று தெரிந்தபோது வயது 51. வலியைவிட அந்தச் சொல்தான் என்னை அதிகம் படுத்தியது. செருப்பு தேய்கிற மாதிரி உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது, அசைத்தால் இன்னும் தேயும் என்று நானே முடிவுகட்டி, நாலு மாதம் கழுத்துப் பட்டையோடு சுற்றினேன். யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவேன். பின்னல் போடக் கையைத் தூக்கினால் பிடரியிலிருந்து தோள்பட்டைக்குள் குடைச்சல் இறங்கும். வலது கட்டைவிரல் பாதி நேரம் மரத்தே கிடக்கும்.

முதலில் போன இடத்தில் பத்து நாள் ஒத்தடம், கரண்ட், கழுத்தை இழுத்துக் கட்டுவது. சுகமாகத்தான் இருந்தது, சாயங்காலம் வரைக்கும். எழுந்து நின்று ஒரு பயிற்சிகூடச் செய்யச் சொல்லவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் இளம் பெண். முதலில் கழுத்தைத் தொடவே இல்லை, கேள்வியாகக் கேட்டார். கையிலிருந்து பொருள் நழுவுகிறதா, கொக்கி மாட்ட விரல் தடுமாறுகிறதா, நடையில் தள்ளாட்டம் உண்டா, சிறுநீர் அடக்கச் சிரமமா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் தண்டுவடம் அழுந்துகிறதா என்று டாக்டர் பார்த்த பிறகுதான் பயிற்சியாம். மாதவிடாய் நின்றுவிட்டதா என்றும் கேட்டார். நின்ற பிறகு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும். எலும்பு பலவீனமாக இருந்தால் முதுகை வளைத்துக் குனிகிற, முறுக்குகிற பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். எக்ஸ்ரேயை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "வலியே இல்லாத உங்க வயசுக்காரங்களை எடுத்துப் பார்த்தாலும் நிறைய பேருக்கு இதேதான் இருக்கும் அக்கா" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பயிற்சியைப் பார்த்ததும் இன்னும் கோபம். மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், 'உம்' கொட்டுகிற அளவுக்கு மோவாயை உள்ளே அசைக்க வேண்டும். பத்து விநாடி நிறுத்தம், பத்து தடவை. இதற்கா ஃபீஸ்?

கழுத்துக்கடியில் பிபி பார்ப்பது போன்ற ஒரு காற்றுப்பை வைத்தார். முள் 20-இல் இருந்தது, முதல் படியாக 22-க்குப் போனால் போதும். நான் ஒரே அழுத்தில் 30 காட்டினேன். அவர் என் கழுத்தின் முன்பக்கம் இரண்டு விரல் வைத்து, "கயிறு மாதிரி புடைக்குது பாருங்க. இது வேலை செஞ்சா கணக்குல சேராது" என்றார். வேலை செய்ய வேண்டியது அதற்குள்ளே, எலும்பை ஒட்டியிருக்கிற தசை. அது சும்மா இருந்து பழகிவிட்டதால் மேலே இருப்பது அதன் பாரத்தையும் சுமந்து இறுகிப்போகிறது. கயிறு புடைக்காமல் 26-இல் பத்து விநாடி நிற்க எனக்கு ஆறு வாரம் ஆனது.

மேல்முதுகுக்கும் வேலை வைத்தார். சுருட்டிய துண்டைத் தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே குறுக்காகப் போட்டுப் படுப்பது, முழங்கையைச் சுவரில் மேலே தேய்த்து ஏற்றுவது, ரப்பர் பட்டையைப் பின்னால் இழுப்பது. நடுமுதுகு இறுகிக் கிடந்தால் அது அசைய வேண்டிய பங்கையும் கழுத்தே அசைய வேண்டியிருக்கும். தோளில் வெட்டுகிற மெல்லிய பிரா பட்டையை அகலமானதாக மாற்றச் சொன்னதும் இவர்தான். இத்தனை டாக்டர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

மூன்றாவது வாரம் வலி குறைந்த தெம்பில் எல்லாவற்றையும் இரட்டிப்பாகச் செய்தேன். இரண்டு நாள் தலையைத் தூக்க முடியவில்லை. பயந்து போன் செய்தால், எதுவும் உடையவில்லை, பாதியாகக் குறைத்துத் தொடருங்கள் என்றார். பயிற்சியில் கொஞ்சம் வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், அதுதான் அளவு.

ஐந்தாவது மாதம். கழுத்துப் பட்டை அலமாரியில் கிடக்கிறது. இன்னொரு எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "எதுக்கு?" என்றார். கட்டைவிரல் மட்டும் முழுதாகச் சரியாகவில்லை; குப்புறப் படுத்த ராத்திரிகளில் மறுபடி மரக்கிறது. குப்புறப் படுக்காதீர்கள் என்கிறார். தூக்கத்தில் யார் கேட்பது?